இல்லாத வாடைக்கு இயந்திரம் இல்லை

ஒரு வீடு எப்போது சுத்தமாகிறது? வீடு சுத்தம் செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவள் நான். சென்னையில் குடித்தனம் மாறும் வீடுகள், வெள்ளம் புகுந்து வடிந்த வீடுகள், நோயாளி மாதக்கணக்கில் படுத்திருந்த அறைகள் என்று எங்களைக் கூப்பிடுவார்கள். என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். துடைப்பம், பக்கெட், தேய்க்கும் பிரஷ் இவற்றோடு இப்போது ஓசோன் மிஷினும் வண்டியில் வருகிறது. அது வந்த பிறகு இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

சின்னத் தகரப் பெட்டி அது. உள்ளே உயர் மின்னழுத்தம் பாயும் தகடு, பின்னால் ஒரு விசிறி. அறைக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்து, மூன்று அணுக்கள் சேர்ந்த ஓசோனாக்கி வெளியே தள்ளும். இடி மின்னலுக்குப் பிறகும், ஜெராக்ஸ் கடையிலும் சுள்ளென்று மூக்கில் ஏறுகிறதே, அந்த வாடைதான். 1840-இல் பாசெல் நகரில் ஷேன்பைன் என்ற வேதியியலாளர் இதை ஒரு தனிப் பொருள் என்று கண்டுகொண்டதே அந்த வாடையை வைத்துத்தான். ஓசோனின் மூன்றாவது அணு நிலைகொள்ளாது. பக்கத்தில் எது கிடைத்தாலும் அதோடு சேர்ந்து அதை உடைத்துவிடும். சிகரெட் புகை, பூனை மூத்திரம், பூஞ்சை, அழுகல் எதுவானாலும் வாடை தரும் மூலக்கூறு சிதைந்தால் வாடை அடங்கும்.

என் அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். தருக்க நூல்களில் அவருக்குப் பெரிய பிடிப்பு. வைசேடிகம் என்ற பழைய தத்துவ மரபினர் சொன்ன ஒன்றைச் சின்ன வயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். மணம் மண்ணுக்கு மட்டுமே உரிய குணம். நீருக்கும் தீக்கும் காற்றுக்கும் சொந்தமாக மணம் கிடையாது. அவற்றில் மணம் வருகிறது என்றால் மண்ணின் கூறு ஏதோ அவற்றில் கலந்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகத்தில் இது பாலபாடம். மண்ணை ஐம்பூதங்களில் ஒன்றாகப் பிரித்த அந்தக் கணக்கை இன்றைய வேதியியல் ஏற்காது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் நியாயம் என் தொழிலில் தினமும் கைகொடுக்கிறது. வாடை வந்தால் அங்கே ஒரு பொருள் இருக்கிறது. அதன் துகள்தான் மூக்குக்குள் வந்திருக்கிறது. ஆகவே தேடு.

பூனை வளர்த்த ஒரு வீட்டில் சோபாவை மாற்றினார்கள், திரைச்சீலையை மாற்றினார்கள், வாடை போகவில்லை. எங்களோடு இருக்கும் மூத்த அக்கா தரையில் மண்டியிட்டு, சுவரோரமாக மூக்கை வைத்துக்கொண்டே நகர்ந்தார். படுக்கையறை நிலைக்கதவின் அடிக்கட்டையில் நின்றார். கட்டையின் கீழ் நுனி கறுத்து ஊறியிருந்தது. விரல் நுனியால் அழுத்தினால் பொதபொதவென்று உள்ளே போனது. அந்தக் கட்டையை அறுத்து எடுத்து, பக்கத்து டைல்ஸ் இடுக்கில் பழைய சிமெண்டைச் சுரண்டி, என்சைம் கரைசல் ஊற்றி ஊறவிட்ட பிறகு மீதி இருந்தது லேசான வாடைதான். மிஷினுக்கு வேலை அதன் பிறகே. கட்டையை விட்டுவிட்டு மிஷினை ஓட்டியிருந்தால் நாலு நாளில் வாடை திரும்பியிருக்கும். 2015 டிசம்பரில் அடையாறு புகுந்த வீடுகளிலும் இதே கதைதான். ஈரம் காயாத சுவரில் ஓசோன் மேலே இருக்கும் பூஞ்சையைத் தொடும், சுவருக்குள் இருக்கும் ஈரத்தைத் தொடாது. காய வைக்காமல் எது செய்தாலும் வீண்.

ஓசோனின் இயல்பு இன்னொன்று இருக்கிறது. அதற்கு ஆள் தெரியாது. பூனை மூத்திரத்தை உடைக்கும் அதே வேகத்தில் நுரையீரலின் மெல்லிய சவ்வையும் தாக்கும். இருமல், நெஞ்சு எரிச்சல், மூச்சுத் திணறல் வரும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. இதே ஓசோன் வானத்தின் மேலடுக்கில் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. மூச்சு விடும் உயரத்தில் அது நஞ்சு.

கணக்கைப் பாருங்கள். வெளிக்காற்றில் ஓசோன் 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவின் தர வரம்பு. அதாவது 0.1 மில்லிகிராம். ஒரு மணிக்கு 10 கிராம் என்று அட்டையில் போட்ட மிஷினை வழக்கமான உயரமுள்ள 12-க்கு 10 அடி அறையில் ஒரு மணி நேரம் ஓட்டினால், ஓசோன் சிதையாமல் அப்படியே நின்றால், கன மீட்டருக்குச் சுமார் 290 மில்லிகிராம் சேரும். சுவரும் துணியும் மரமும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்பது உண்மை. தின்றது போக மிச்சமே வரம்பைப் பல மடங்கு தாண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: உடம்புக்குக் கேடில்லாத அளவில் ஓசோன் அறைக்காற்றைச் சுத்தம் செய்யப் பெரிதாக உதவாது. சுத்தம் செய்யும் அளவு, மனிதன் மூச்சு விடக்கூடாத அளவு. ஆள் இருக்கும்போதே ஓட்டலாம் என்று சொல்லி விற்கும் ஓசோன் மிஷினை நம்பாதீர்கள். கலிபோர்னியா மாநிலம் வீட்டுக்கான காற்றுச் சுத்திகரிப்பான்கள் 0.05 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 0.05 பங்கு) மேல் ஓசோன் விடக்கூடாது என்று சட்டமே போட்டு, 2010-லிருந்து நடைமுறைப்படுத்துகிறது.

ஆகவே நாங்கள் வேலை செய்யும் வீடுகளில் முதலில் உயிருள்ளவை வெளியேறும். மனிதர்கள், நாய், கூண்டுக் கிளி, மீன் தொட்டி, துளசித் தொட்டி எல்லாம். ரப்பர் சாமான்களையும் எடுத்துவிடுவோம், ஓசோன் பட்டால் ரப்பர் வெடித்துப் போகும். ஏசியையும் எக்ஸாஸ்டையும் அணைத்து, கதவிடுக்கை டேப் போட்டு அடைப்போம். அடுக்ககத்தில் குளியலறைக் குழாய்வழி பக்கத்து வீட்டுக்குப் போகிறதா என்று பார்க்காமல் நான் சுவிட்சைத் தொடமாட்டேன், அங்கே ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். டைமர் வைத்துவிட்டு வெளியே வந்தால், அது தானே நிற்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. நின்ற பிறகும் சில மணி நேரம் விட வேண்டும், ஓசோன் மெல்ல ஆக்சிஜனாகத் திரும்பும். பிறகு ஜன்னல்களைத் திறந்து விசிறியைப் போட்டு, மீட்டரில் 0.05 பிபிஎம்-க்குக் கீழே வந்த பிறகே ஆட்களை விடுவோம். மூக்கை நம்பக் கூடாது. ஓசோன் மூக்கைச் சீக்கிரம் மரத்துப் போகச் செய்துவிடும், வாடை தெரியாததால் அது இல்லை என்று ஆகாது.

இன்னொரு விஷயம். வேலைக்கு முன்னால் வெள்ளை பினாயில் போட்டுத் துடைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அதில் இருக்கும் பைன் எண்ணெயும், எலுமிச்சை மணம் போட்ட திரவங்களும் ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் நுண்துகள்களும் உண்டாகும். நல்ல மணம் என்று ஊற்றியது கெட்ட புகையாகும். வெறும் தண்ணீரால் துடைத்துக் காயவிடச் சொல்கிறேன்.

மணத்தில் நல்லது கெட்டது என்று ஓசோனுக்குக் கிடையாது. அந்தப் பிரிவு நம்முடையது. ஒரு வீட்டில் அம்மா இரண்டு வருடம் படுத்திருந்து காலமாகியிருந்தார். பதினாறாம் நாள் முடிந்ததும், வெளிநாட்டிலிருந்த மகன் அறையைச் சுத்தம் செய்யப் போனில் ஏற்பாடு செய்தார். அறையில் மூத்திர வாடையும் மருந்து வாடையும் கலந்து நின்றன. மெத்தையை வெளியேற்றி, கட்டிலைக் கழுவி, மிஷினை வைக்கும் நேரத்தில் மகள் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. மூலையில் இருந்த டிரங்குப் பெட்டியையே பார்த்தார். அம்மாவின் சேலைகள். பெட்டியை வெளியே எடுத்துப் போகச் சொன்னேன். ஓசோன் அந்தச் சேலைகளையும் விட்டுவைக்காது, அந்த அம்மாவின் வாசனை அதில் எத்தனை நாள் இருக்குமோ அத்தனை நாளும் மகளுக்கு உரியது. அறைக்குள்ளிருந்த நோயை அழிக்க வேண்டும், சேலையில் இருக்கும் தாயை அழிக்கக் கூடாது. இரண்டும் வேதியியலுக்கு ஒன்றுதான். திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு பெருமாளுக்குச் சாத்துகிற புனுகு, புனுகுப் பூனையின் குதத்துக்கு அருகில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருவது. பச்சையாக முகர்ந்தால் குமட்டும். தெய்வத்துக்குச் சாத்தும்போது அதே பொருள் மணம். நல்லது கெட்டது என்பது பொருளில் எழுதியிருப்பதில்லை, யார், எங்கே, எதற்காக என்பதில் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது: எதை அழிக்கச் சொல்கிறோம் என்பதற்கு நாமே பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பொறுப்பை நான் மிகக் கூர்மையாக உணர்ந்தது ஒரு ஹவுஸ் ஓனர் வீட்டில். மாடிப் போர்ஷனில் இருந்த குடித்தனக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். வேறு மதத்தவர்கள். "ஒரே கவுச்சி வாடைம்மா, ஓசோன் அடிச்சாத்தான் போகும். பூஜைக்கு முன்னாடி முடிச்சுக் குடுங்க" என்றார். மேலே போனோம். சமையல் மேடைக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தேன். சிங்க் குழாயில் மூக்கை வைத்தேன். அலமாரித் தட்டில் போட்டிருந்த நியூஸ் பேப்பரை எடுத்து முகர்ந்தேன், அச்சு மை வாடை. எக்ஸாஸ்ட் விசிறியின் இதழ்களைக்கூட கழற்றிக் கழுவி மாட்டியிருந்தார்கள். போனவர்கள் வீட்டை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள் போல, தரையின் மூலையில் மெல்லிய மஞ்சள் கோடு காய்ந்து நின்றது. அக்கா எல்லா அறையும் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணுமே இல்லம்மா" என்றார்.

கீழே வந்து சொன்னேன். ஓனர் வீட்டம்மா எனக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். அக்காவுக்குப் பேப்பர் கப்பில். "உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்" என்றார் ஓனர். "சார், வாடைன்னா அதுக்கு ஒரு மூலம் இருக்கணும். எங்கே இருக்குன்னு காட்டுங்க, தேச்சு எடுத்துத் தர்றோம். மூலம் இல்லாத இடத்துல மிஷின் ஓட்டினா அது சுத்தம் பண்றதில்ல" என்றேன். அவருக்குக் கோபம். வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

வாடகைக்கு வீடு தேடும்போது "என்ன ஆளுங்க, என்ன சாப்பிடுவீங்க" என்ற கேள்வியைச் சந்திக்காத முஸ்லிமோ தலித்தோ இந்த ஊரில் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்க மூக்கை ஒரு சாக்காக வைத்துக்கொள்கிறார்கள். நான் சைவ வீட்டில் பிறந்தவள், இறைச்சி சாப்பிடுவதில்லை. மீன் வறுத்த வாடையை என்னால் தாங்க முடியாது, அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் மீன் வறுத்த வாடை எண்ணெய்ப் பிசுக்கில் இருக்கும். பிசுக்கைத் துடைத்தால் போய்விடும். மனிதர்கள் மேல் ஏற்றிச் சொல்லும் வாடை எந்தத் துடைப்புக்கும் போகாது, ஏனென்றால் அது அவர்கள் மேல் இல்லை.

மரபில் சுத்தம் பற்றிச் சொன்னதெல்லாம் தவறு என்று நான் நினைக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் நான் இன்றும் தலை முழுகுகிறேன். வீட்டைக் கழுவி விடுகிறோம், பதினாறு நாள் காத்திருக்கிறோம். அதில் ஒரு வரம்பு இருக்கிறது: கழுவினால் முடிந்தது, நாள் கழிந்தால் முடிந்தது. ஓசோன் விஷயத்தில் நான் காத்திருக்கும் சில மணி நேரத்துக்கும் ஒரு முடிவு உண்டு, மீட்டர் சொல்லும். பிறந்த குலத்தால் ஒருவர் மேல் ஏற்றப்படும் தீட்டுக்கு நாளும் இல்லை, அளவும் இல்லை. முடிவில்லாத ஒன்றைச் சுத்தம் என்ற பெயரில் சொல்வது தர்மத்துக்கும் பொருந்தாது, அப்பா கற்றுக்கொடுத்த தருக்கத்துக்கும் பொருந்தாது. சித்தர் சிவவாக்கியர் இதை நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார். தீட்டு என்று எதை ஒதுக்குகிறார்களோ அதிலிருந்துதான் இந்த உடம்பே உருவானது என்று அவர் பாடியதற்கு, அன்றைக்கும் இன்றைக்கும் யாரும் பதில் சொன்னதில்லை.

வெள்ளத்திலும் சாக்கடையிலும் அழுகலிலும் கைவிட்டு மூலத்தைத் தேடி எடுக்கும் பெண்களைத்தான் இந்த ஊர் பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுத்து நிறுத்துகிறது. உங்கள் வீட்டை மூச்சு விடும்படி ஆக்கியது அந்தக் கைகள். மிஷின் கடைசிப் பத்து சதவீதத்தைச் செய்தது.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். குடித்தனக்காரர் போனதும் ஓசோன் மிஷினைக் கூப்பிடாதீர்கள். முதலில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு நீங்களே மண்டியிட்டு மூக்கை வைத்துத் தேடுங்கள். ஏதாவது கிடைத்தால் தேய்த்துக் கழுவுங்கள், அப்படியும் மிஞ்சினால் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டு, ஆள், உயிர், பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் வழி செய்துவிட்டு மிஷினை ஓட்டுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது. அடுத்து வருபவர் யாராக இருந்தாலும் சாவியைக் கொடுங்கள்.