திருப்பிக் கொடாதவனுக்கு மன்னிப்பு உண்டா?

பிறர் பொருளைக் கவர்ந்தவன் அதைத் தன் வசமே வைத்துக்கொண்டு, கவர்ந்த குற்றத்துக்காகக் கண்ணீர் மட்டும் விட்டால் ஆண்டவன் அவனை மன்னிப்பானா என்பது எந்தச் சமயத்துக்கும் புதிய வினா அன்று. கவர்ந்தது ஒரு சாம்ராஜ்யமாகவும், கவரப்பட்டவை ஒரு கண்டத்தின் மண்ணும் அதன் மக்களின் உழைப்புமாகவும் இருக்கும்போது அவ்வினாவுக்கு விடை யாது என்பதைப் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துத் துறவிகள் சிலர் ஆராயப் புகுந்தனர். அதுவும் தோல்வி கண்ட பிறகு அன்று, தங்கள் நாட்டுக் கப்பல்கள் பொன்னையும் வெள்ளியையும் சுமந்து வந்துகொண்டிருந்த நாட்களிலேயே.

1511ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஞாயிறன்று, ஹிஸ்பானியோலா தீவின் ஸாந்தோ டொமிங்கோ நகரில் அந்தோனியோ தெ மொந்தெஸீனோஸ் என்னும் தொமினிக்கன் துறவி பிரசங்க மேடை ஏறினார். கொலம்பஸின் மகனும் தீவின் ஆளுநருமான தியேகோ முதலிய பிரமுகர்கள் கேட்டிருக்க, இத்தீவின் மக்களும் மனிதர்களே அல்லவா, எந்த நியாயத்தைக் கொண்டு இவர்களை அடிமைகளாக்கி வதைக்கிறீர்கள் என்று வினவினார். கொதித்தெழுந்த பிரமுகர்கள் மடத்துக்கே சென்று, அடுத்த ஞாயிறு அவர் தம் சொற்களைத் திரும்பப் பெற வேண்டுமென்று வற்புறுத்தினார்கள். அடுத்த ஞாயிறும் அவரே மேடை ஏறினார். முன்பு சொன்னதையே இன்னும் உறுதியாக நிலைநாட்டி, இனி இவர்களுடைய பாவசங்கீர்த்தனத்தைத் தம் மடத்தார் கேட்பதில்லை என்றும் அறிவித்தார்.

பார்த்தொலோமே தெ லாஸ் கஸாஸ் அக்காலத்தில் பூர்வகுடிகளின் உழைப்பை உண்டு வாழ்ந்த ஒரு குருவானவர். கிராமங்களின் மக்களை ஒரு ஸ்பானியன் பொறுப்பில் ஒப்படைத்து, அவர்களுக்கு வேதம் கற்பிப்பதற்குப் பிரதியாக அவர்களுடைய உழைப்பையும் திறையையும் அவன் அனுபவிக்கலாம் என்று விதித்த என்கொமியேந்தா முறையில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. 1514இல் கியூபாவில், திருநாள் பிரசங்கத்துக்காக வேதாகமத்தைப் படித்தபோது, அநியாயமாய் ஈட்டிய பொருளிலிருந்து படைக்கும் காணிக்கையை இறைவன் ஏற்பதில்லை என்று கண்ட வாசகம் அவர் மனத்தைத் தைத்தது. தம் பங்கைத் துறந்தார். பூர்வகுடிகளின் பாரத்தைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு வரலாம் என்று ஒரு காலத்தில் யோசனை சொன்ன பெரும்பிழையும் அவருடையதே. அதற்காகப் பிற்காலத்தில் அவர் வருந்தி எழுதியிருக்கிறார்.

சியாபாஸ் மாகாணத்தின் மேற்றிராணியாரான பிறகு, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாருக்கென அவர் எழுதிய விதிகளை நான் அவருடைய நூல்கள் யாவற்றிலும் சிறந்ததாகக் கருதுகிறேன். மரணப் படுக்கையில் கிடக்கும் வெற்றிவீரன் குருவானவரை அழைத்தால், அவர் அவன் பாவங்களைக் கேட்கத் தொடங்குமுன் ஆவணம் எழுதுபவரை வரவழைக்க வேண்டும். தன் சொத்து முழுவதையும் பறிகொடுத்தவர்களுக்கு ஈடு செய்யும் அதிகாரத்தைக் குருவானவரிடம் ஒப்படைப்பதாக அவன் சாட்சிகள் முன்னிலையில் பத்திரம் எழுதித் தர வேண்டும். அதன் பிறகே பாவப்பொறுத்தல். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கும், வாரிசும் அற்றுப்போயிருந்தால் பாழ்பட்ட அவ்வூர்களின் மக்களுக்கும் அப்பொருள் பயன்பட வேண்டும். மனம் எவ்வளவு உருகினாலும், திருப்பிக் கொடுக்கும் பத்திரத்தை முதலில் வைத்த அவ்வரிசைதான் இந்நூலின் உயிர். தன் ஆட்சி உரிமையையே இவ்விதிகள் அசைக்கக் கூடும் என்று உணர்ந்த அரசாங்கம் 1548இல் அவற்றின் பிரதிகளைத் திரும்பப் பெறக் கட்டளையிட்டதில் வியப்பில்லை.

அரசனுடைய மனச்சாட்சியும் உறங்கிவிடவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் சார்லஸ் 1542இல் என்கொமியேந்தாவைப் பரம்பரைச் சொத்தாக்குவதைத் தடுத்துச் சட்டம் செய்தார். பெருவில் கலகம் மூண்டதும் அத்தடையை 1545இல் தாமே நீக்கினார். 1550இல் புதிய படையெடுப்புகளை நிறுத்தி வைத்து, வள்ளதோலித் நகரில் அறிஞர் சபையொன்றைக் கூட்டினார். சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்னும் அரிஸ்டாட்டில் கொள்கையைத் துணைகொண்டு செபுல்வேதா என்னும் அறிஞர் வாதிட, லாஸ் கஸாஸ் மறுத்தார். தீர்ப்பு எதுவும் வெளியாகவில்லை. தம் முடிவுக்குச் சற்று முன், 1564இல், மலைக்காட்டில் அரசு செலுத்திய இன்கா வாரிசுக்குப் பெருவைத் திருப்பித் தருவதே அரசரின் கடமை என்று அம்முதியவர் எழுதினார். 1572இல் வைஸ்ராய் தொலேதோவின் ஆணைப்படி, கடைசி இன்காவான தூப்பாக் அமாருவின் தலை குஸ்கோ சதுக்கத்தில் வெட்டப்பட்டது.

அதே குஸ்கோவில் 1589இல் மான்ஸியோ ஸெர்ரா என்னும் கிழ வீரன், பெருவை வென்றவர்களுள் எஞ்சியவன் தான் ஒருவனே என்று கூறி, அரசனுக்குத் தெரியும்படி மரணசாசனத்தில் ஒரு வாக்குமூலம் எழுதி வைத்தான். இன்காக்களின் நாட்டில் திருடர் இல்லை, சோம்பேறிகள் இல்லை, அவ்வளவு செம்மையாக நடந்த ஜனங்களை எங்கள் துர்நடத்தையால் கெடுத்துவிட்டோம் என்பது அதன் சாரம். அவன் கண்ட பழைய நாடு வருத்தத்தில் சற்று மிகைப்பட்டிருக்கலாம். ஆனால் வருத்தம் பொய்யென்று நான் நினைக்கவில்லை. தன் ஆத்மாவின் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, பரிகாரத்தை அரசன் பொறுப்பில் விட்டுச் செல்கிறான். ஆட்சியாளர்களின் வருத்தம் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுபோகிறது.

ஆளப்பட்டவன் பேசிய குரலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஃபெலிப்பே குவாமான் போமா என்னும் ஆண்டிஸ் மலைநாட்டவர், ஏறத்தாழ 1,200 பக்கங்களும் 400 சித்திரங்களும் கொண்ட நூலொன்றை 1615ஆம் ஆண்டளவில் முடித்து ஸ்பெயின் அரசன் மூன்றாம் ஃபிலிப்புக்குச் சமர்ப்பித்தார். அது 1908இல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதன் சித்திரம் ஒன்றில், ஏழைப் பூர்வகுடி ஒருவன் மண்டியிட்டுக் கெஞ்ச, அவனை ஆறு பிராணிகள் சூழ்ந்திருக்கின்றன: கொரெஹிதோர் என்னும் அதிகாரி பாம்பு, என்கொமியேந்தா பெற்றவன் சிங்கம், வழிப்போக்கனான ஸ்பானியன் புலி, குருவானவர் நரி, எழுத்தர் பூனை, ஆறாவதாக, அவனுடைய சொந்த இனத்துத் தலைவனே எலி. தம்மவரையும் அவ்வட்டத்துக்குள் எழுதிய கை பொய் எழுதாது என்று நம்புகிறேன். தம் மகனையே நாட்டின் தலைவனாக்கும்படி அவர் கேட்டிருப்பதை மறைக்கவும் வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெற்ற அவர் வேதத்தைத் தள்ளிவிடவில்லை. அவ்வேதமும் லாஸ் கஸாஸின் விதியும் மெய்யானால், ஸ்பானியர்கள் பெருவில் அந்நியர்களே என்றும், எடுத்ததைத் திருப்பித் தராத வரையில் அவர்களுக்கு மோட்சமில்லை என்றும், அவர்களுடைய அரசனுக்கே, அவர்களுடைய பாஷையிலேயே, தம் கைப்பட எழுதினார்.