கூட்டுக்குள் ஓர் அமானிதம்

பெருநாள் நெருங்கும் வேளையில் பிள்ளைகள் கேட்கும் பரிசுகளுள் இப்போது கிளியும் ஒன்றாகிவிட்டது. கடைத்தெருவில் பல வண்ணப் பறவைகள் கூண்டுகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. பிள்ளை விரல் நீட்டுகிறது. பெற்றோர் விலை கேட்கின்றனர். விலையைக் கேட்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஓர் உயிரைக் கூட்டில் அடைத்து வளர்க்க நமக்கு உரிமை உண்டா? உண்டெனில், அந்த உரிமையோடு வந்து சேரும் கடமை எவ்வளவு?

இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து பிறந்ததன்று. நம் இளமைக் காலத்தில் பாட்டியார் வீட்டு முற்றத்தில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. சிறகு நறுக்கப்பட்ட கிளி. ஊறவைத்த கடலையும் கொய்யாத் துண்டும் பழுத்த மிளகாயும் அதன் உணவு. மாலையானால் பாட்டியாரின் குரலிலேயே பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும். வந்தவரெல்லாம் வியந்து போவார்கள். பாட்டியார் வபாத்தான பின்னும் அது அதே குரலில் அழைத்தது. அதனைக் கேட்க நம் அன்னையாருக்கு மனம் தாளவில்லை. கூடு கொல்லைப்புறத்துக்கு மாற்றப்பட்டது. வேளை தவறாமல் தீனி வைத்தோம்; அருகிலிருந்து பேசத்தான் எவருமில்லை. சில வாரங்களில் தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கியது. ஏதோ நோய் என்று எண்ணினோம். ஒரு நாள் காலையில் கூட்டின் அடியில் விறைத்துக் கிடந்தது. அதனை எவரும் அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. ஆயினும் அதன் சாவில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல இன்றுவரை நா எழவில்லை.

அன்று நாம் அறியாதிருந்ததைப் பின்னர் படித்து அறிந்தோம். கிளி கூட்டமாக வாழப் பிறந்த உயிர். இரை தேடுவதும் இரவில் அடைவதும் இனத்தோடுதான். தனியே அடைக்கப்பட்ட கிளி அந்த வீட்டு மனிதரையே தன் கூட்டமாகக் கொள்கிறது. அவர்களுடைய ஓசையைக் கற்றுச் சொல்வது அவர்களோடு சேர்ந்திருக்க அது செய்யும் முயற்சி. நாம் அதனை வேடிக்கை என்று எண்ணுகிறோம். துணையும் வேலையும் இல்லாத கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதுண்டு என்பதைப் பறவை மருத்துவர்கள் நன்கறிவர். அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977 இல் ஒரு கடையில் வாங்கிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியின் பெயர் அலெக்ஸ். 2007 இல் இறக்கும் வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், அது அவரிடம் பயின்றது. பொருள்களின் நிறத்தையும் வடிவத்தையும் பிரித்துக் கூறியது. ஆறு வரை எண்ணியது. இத்தகைய அறிவுடைய ஒன்றை நான்கு கம்பிகளுக்கிடையே வெறுமனே உட்கார வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை!

ஆயுளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேணி வளர்த்தால் பச்சைக்கிளி 20 ஆண்டுகளுக்கு மேலும், சாம்பல் கிளி 40 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். பத்து வயதுப் பிள்ளைக்காக வாங்கும் கிளி, அப்பிள்ளை படித்து, மணமுடித்து, பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற பின்னும் கூட்டில் இருக்கும். வாங்கிய தந்தைக்குப் பின் அதனைப் பொறுப்பேற்பவர் யார்? நம் பாட்டியார் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாமும் கேட்கவில்லை.

அன்றாடக் கடமைகளும் சிறியவையல்ல. வெறும் விதைகளை மட்டும் தின்று வாழும் கிளிக்குச் சத்துக்குறைவு நேரும். கீரையும் காயும் கனியும் வேண்டும். வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சாகும். ஒட்டாத பூச்சுப் பூசிய வாணலி அளவு கடந்து சூடேறினால் எழும் புகை, அடுக்களைக்கு அருகில் உள்ள பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நாள்தோறும் கூட்டை விட்டு வெளியே உலவவும், கடித்துக் கிழிக்கவும், நம்மோடு இருக்கவும் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். அது கத்தும், கடிக்கும், வீட்டை அழுக்காக்கும். அதன் எச்சத்தின் தூசியால் நுரையீரலைத் தாக்கும் ஒருவகைக் காய்ச்சல் மனிதருக்கும் பரவக்கூடும்; ஆதலால் முதியோர் உள்ள வீட்டில் தூய்மை இன்றியமையாதது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் அதன் பிந்திய திருத்தங்களின்படியும் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றமாகும். பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டுமென 2022 ஆம் ஆண்டின் திருத்தம் வகை செய்கிறது. காட்டிலிருந்து பிடித்து வரப்படும் ஒரு கிளிக்குப் பின்னால், வலையிலும் பெட்டியிலும் மூச்சடைத்து மாண்டவை பல இருக்கும். அவற்றின் கணக்கு விலைச்சீட்டில் எழுதப்படுவதில்லை.

அவ்வாறாயின் பறவை வளர்ப்பதே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. சிறுவர் அபூ உமைர் வளர்த்த சிறு பறவை இறந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அதைப் பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள். பறவை வளர்த்தல் ஆகும் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இந்நிகழ்ச்சியைச் சான்றாகக் கொண்டனர். ஆனால் பூனையைக் கட்டி வைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றியும் அவர்களே எச்சரித்தார்கள். அப்பெண்ணின் குற்றம் இரண்டு பகுதிகளை உடையது: தானும் உணவளிக்கவில்லை, தானே தேடிக்கொள்ளவும் விடவில்லை. உணவைப் பற்றிய இந்த நீதியைத் துணைக்கும் பொருத்திப் பார்த்தால் என்ன? கூட்டின் கதவைச் சாத்திய கணத்தில், கிளி தானே தேடிக்கொள்ளக்கூடிய உணவு, உறவு, விளையாட்டு, வானம் அனைத்தும் நம் பொறுப்பாகிவிடுகின்றன. அமானிதம் என்பது இதுவே. நாம் உணவைக் கொடுத்தோம், உறவைக் கொடுக்கவில்லை.

மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவியில் ஒரு வணிகனின் கிளி வருகிறது. இந்தியாவுக்குப் புறப்படும் வணிகனிடம், அங்குள்ள கிளிகளுக்குத் தன் நிலையைச் சொல்லுமாறு அது வேண்டுகிறது. செய்தி கேட்ட ஒரு கிளி செத்தது போல் விழுகிறது. வணிகன் திரும்பி வந்து அதனைக் கூற, கூட்டுக்கிளியும் அவ்வாறே விழுகிறது. வருந்தி அவன் வெளியே எடுத்துப் போட, உயிரோடு பறந்துவிடுகிறது. வணிகன் தன் கிளியை நேசித்தவன்தான். அதன் பேச்சில் மகிழ்ந்தவனுக்கு, அது கேட்டுக்கொண்டிருந்தது என்ன என்பது மட்டும் விளங்கவில்லை.

கதையைக் கேட்டுவிட்டு இன்றே கூட்டைத் திறந்துவிடுவதும் தவறு. கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்கையும் பூனையும் அதனை விட்டுவைக்கா. நாட்டுக் கிளியை வைத்திருப்போர் வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே முறை. கூட்டில் பிறந்த, சட்டம் ஒப்பும் வெளிநாட்டு இனத்தை வளர்க்க விரும்புவோர் நேரமும் இடமும், தமக்குப் பின் பேண ஓர் ஆளும் உள்ளனவா என்று பார்த்துக்கொண்டு கடைக்குச் செல்லட்டும். ஒன்று குறைந்தாலும் பிள்ளையிடம் இல்லையென்று சொல்வதே அன்பு.

நம் வீட்டு மாடியில் இப்போது ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறோம். சில மாலைகளில் இரண்டு மூன்று கிளிகள் வந்து குடித்துவிட்டுக் கத்திக்கொண்டே பறந்து போகின்றன. பேரப்பிள்ளைகள் படிக்கட்டில் அமர்ந்து பார்க்கிறார்கள். அந்தக் கிளிகளுக்கு இவர்களில் எவர் பெயரும் தெரியாது.