வெறும் பாத்திரம்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால், கையில் தூக்குடன் ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்கள் இருவரையாவது காணலாம். 1928-இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய சானடோரியமே இன்று அரசாங்க ஆஸ்பத்திரியாக இருக்கிறது. ஆனால், அந்தத் தூக்கு ஆஸ்பத்திரிக்கும் மூத்தது.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய சென்னையில், கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டக் கூசினார்கள். அவர்கள் படும் பாட்டைக் கேட்டு மனம் கலங்கிய மேரி ஷார்லீப், வேறு மூன்று பெண்களுடன் 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1885-இல் அவர் முயற்சியால் கோஷா ஆஸ்பத்திரி பிறந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரைத் தாங்கி நிற்பது அதுதான்.

அதுவரை படுத்தவளுக்கு யார் துணை? கஞ்சி காய்ச்சியவளும், கஷாயச் சரக்கு தேடித் தந்தவளும், இரவில் விழித்திருந்தவளும் வீட்டாரும் அண்டை வீட்டுத் தோழியருந்தான். அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லாது.

என் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் பத்து நாள் ரசம் கொண்டுவந்தார். தேறியதும், அவர் பாத்திரத்தில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தாள் இவள்.

“உதவிக்குக் கணக்குத் தீர்க்கிறாயா?” என்றேன்.

“தீர்க்க யார் நினைத்தார்கள்? வெறும் பாத்திரத்தைக் கொடுத்தால், நாளைக்கு ஒன்று கேட்க எனக்கு வாய் கூசாதா?” என்றாள்.

கைம்மாறு கருதாததே நட்பு என்று எழுதி வந்தவன் நான். கைம்மாறுக்கு இடமே கொடாத உதவி, பெற்றவளை என்றும் கடன்காரியாகவே நிறுத்திவிடும் என்பது எனக்குத் தோன்றியதில்லை. ஒரு பிடி சர்க்கரை கடனை அடைக்கவில்லை. கேட்கும் உரிமையைக் காத்தது.

சென்ற மாதம் அந்த அம்மாள் படுத்துவிட்டார். இம்முறை தூக்கு எங்கள் வீட்டிலிருந்து போயிற்று. சுமந்தவன் நான்.