நாண் தளர்த்திய வில்

நற்செய்தியாளரான புனித யோவானைப் பற்றித் துறவற மரபில் ஒரு பழங்கதை வழங்கிவருகின்றது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோவான் காசியான் அதனை எழுதிவைத்தார். முதுமை எய்திய திருத்தூதர் ஒரு கௌதாரியைக் கையில் வைத்து மெல்ல வருடிக்கொண்டிருக்கின்றார். அவ்வழியே வந்த வேடன் ஒருவன், இத்துணைப் பெரியவர் ஒரு பறவையோடு பொழுது போக்குவதா என வியந்து கேட்கின்றான். அவனுடைய வில்லைச் சுட்டிக்காட்டி, அதனை ஏன் எப்போதும் நாணேற்றியே வைத்திருப்பதில்லை என்று யோவான் வினவுகின்றார். அவ்வாறு வைத்தால் வில்லின் விசை கெட்டுவிடும் என்கின்றான் வேடன். மனமும் அத்தகையதே என்பது திருத்தூதரின் மறுமொழி. விளையாட்டும் இளைப்பாறுதலும் அறத்திற்கு உட்பட்டவையா என்று ஆராயும்போது புனித தோமஸ் அக்குவினாசும் இக்கதையை எடுத்தாள்கின்றார்.

இன்று பலரும் கூறும் அறிவுரை ஒன்று இக்கதைக்கு மிக அருகில் வருகின்றது. கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் சில நாள் ஒதுக்கி வையுங்கள், வற்றிப்போன கற்பனை மீண்டும் ஊறும் என்பதே அது. ஜூலியா கேமரூன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1992-இல் வெளியிட்ட, கலைஞர்களுக்கான பன்னிரண்டு வாரப் பயிற்சி நூலில், நான்காம் வாரம் முழுவதும் எதையும் படிக்கலாகாது என்று விதித்தார். அன்று சட்டைப்பைக்குள் திரை இல்லை. இன்று அப்பயிற்சியை மேற்கொள்வோர் அத்தடையைத் திரைகளுக்கும் விரித்துக்கொள்கின்றனர். அறிவுரை நல்லதே. ஆயினும் அதற்குள் ஒரு வினா ஒளிந்துள்ளது. அம்பு எய்வதற்காகத்தான் நாணைத் தளர்த்துகின்றோமா? மேலும் மேலும் ஆக்குவதற்கான ஓர் உத்திதானா ஓய்வு? அவ்வாறாயின், திரையை அணைத்த பின்னரும் நாம் வேலையில்தானே இருக்கின்றோம்!

படைப்பாற்றல் என்றவுடன் அது கவிஞருக்கும் ஓவியருக்கும் உரியது என எண்ணிவிடுகின்றோம். படைத்தவரின் சாயலில் உருவானோர் நாம் என்னும் நம்பிக்கை உண்மையானால், அது எவருக்கும் சலுகையாக வழங்கப்பட்டதன்று. இருக்கின்ற காய்களைக் கொண்டு ஒரு குழம்பைக் கூட்டும் தாய், அழும் குழந்தைக்கு அந்தக் கணத்தில் ஒரு கதையைக் கட்டும் தாத்தா, கோணலான மரத்தில் நேரான கதவைக் காணும் தச்சர், புண்பட்ட அண்டைவீட்டாரிடம் என்ன சொல்லலாம் என்று இரவெல்லாம் சொல் தேடும் மனிதர், இவர்கள் அனைவரும் படைப்பாளிகளே. இவ்வாற்றல் குறைந்தால் இலக்கியத்திற்கு வரும் இழப்பைவிடக் குடும்பத்திற்கு வரும் இழப்பே பெரிது.

ஊடகங்களைத் திருச்சபை பகையாகக் கருதவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, அவற்றை வியத்தகு கண்டுபிடிப்புகள் என்றே வரவேற்றது. தொலைக்காட்சிக்குப் பாதுகாவலராகப் புனித கிளாராவைத் தந்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ். நோயுற்றுப் படுத்திருந்த கிளாரா, தாம் போக இயலாத கிறிஸ்து பிறப்பு வழிபாட்டைப் படுக்கையிலிருந்தே கண்டார் என்பது அத்தேர்வுக்குக் காரணம். தொலைக்காட்சியின் பாதுகாவலர், எந்தத் திரையும் இன்றி, அமைதியான ஓர் அறையில் கிடந்தபோதுதான் அக்காட்சியைக் கண்டார் என்பதை நாம் சற்று நகைத்தவாறே நினைத்துக்கொள்ளலாம்.

சிதறுதல் இந்நூற்றாண்டின் நோய் மட்டுமன்று. பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி தன் வலையில் பூச்சியைச் சுற்றுவதும் தம் மனத்தைச் செபத்திலிருந்து இழுத்துச் செல்வதாகப் புனித அகுஸ்தினார் வருந்தினார். ஆனால் அவருடைய பல்லி ஈயைப் பிடித்தவுடன் போய்விட்டது. நம் பல்லி போவதில்லை. ஒரு காட்சி முடியும் முன்னரே அடுத்தது வந்து நிற்கின்றது. கணினித் திரையில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவுமுன் மனிதர் எவ்வளவு நேரம் நிலைக்கின்றனர் என்பதைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த பேராசிரியர் குளோரியா மார்க் இருபது ஆண்டுகளாக அளந்துவந்தார். 2004-இல் சராசரி இரண்டரை நிமிடம். 2023-இல் அவர் வெளியிட்ட நூலில் அது 47 நொடி.

இந்த ஓட்டத்தை நிறுத்தினால் உடனே ஊற்று பெருகுமா? இல்லை. முதலில் வருவது வெறுமை. வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனை ஒன்று நம்மைத் திகைக்கவைக்கின்றது. படிக்கவோ பார்க்கவோ எதுவுமின்றி, பதினைந்து நிமிடம் தம் எண்ணங்களோடு மட்டும் இருக்குமாறு மனிதர்களைத் தனியறையில் அமர்த்தினர். விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தித் தமக்குத் தாமே சிறு மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். அந்த அதிர்ச்சியை முன்னதாக உணர்ந்து, அதனைத் தவிர்க்கப் பணம் கொடுக்கவும் தயார் என்று சொன்னவர்களே அவர்கள். எனினும் ஆண்கள் 18 பேரில் 12 பேரும், பெண்கள் 24 பேரில் 6 பேரும் பொத்தானை அழுத்தினர். தம்மோடு தாம் இருப்பதைவிட வலி மேலெனத் தோன்றியது போலும்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இதனை நன்கறிவார். 'அக்கேதியா' என்று அவர் பெயரிட்ட சோர்வு, நடுப்பகலில் வந்து துறவியைப் பற்றுகின்றது. பொழுது நகரவில்லையே என்று கதிரவனைப் பார்க்கவும், யாரேனும் வருகின்றாரா எனச் சன்னல் பக்கம் எட்டிப்பார்க்கவும், வேறோர் இடம் போனால் நலமாயிருக்குமே என்று ஏங்கவும் செய்கின்றது. அறையை விட்டு ஓடாதே என்பதே அம்மரபு கூறும் மருந்து. சலிப்பு தோன்றியவுடன் அதற்கு உணவிடும் கருவியை நாம் கையிலேயே வைத்திருக்கின்றோம். அதனால் சலிப்புக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்பதைக் காணும் வாய்ப்பே வருவதில்லை.

அப்பால் என்ன இருக்கின்றது? இஞ்ஞாசியாரைக் கேட்போம். 1521-ஆம் ஆண்டு மே மாதம் பாம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. லொயோலாவிலுள்ள தம் வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர், பொழுதுபோக்க வீரக்காதற் கதைகளைக் கேட்டார். அக்காலத்தின் திரைப்படம் அதுவே எனலாம். அவ்வீட்டில் அத்தகைய நூல் ஒன்றும் அகப்படவில்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுமே. விரும்பியது கிடைக்காத அந்த ஓய்வில், படிப்பதும் நிறுத்திவிட்டு எண்ணமிடுவதுமாக நாள்கள் சென்றன. ஓர் உயர்குலப் பெண்ணுக்குத் தாம் ஆற்றப்போகும் வீரச்செயல்களை மூன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து கற்பனை செய்வார். பின்னர் பிரான்சிசும் தோமினிக்கும் செய்தவற்றைத் தாமும் செய்வதாகக் கற்பனை செய்வார். இரண்டும் இன்பமே தந்தன. ஆனால் முதலாவது முடிந்த பின் உள்ளம் வறண்டது. இரண்டாவது முடிந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியது. ஒருநாள் இந்த வேறுபாடு அவர் கண்ணில் பட்டது. ஆன்மீகப் பயிற்சிகளில் அவர் கற்பித்த தேர்ந்து தெளியும் முறையின் வித்து அங்கே விழுந்தது. அந்நாள்களில் அவர் ஏறத்தாழ முந்நூறு தாள்கள் கொண்ட ஏடு ஒன்றில், கிறிஸ்துவின் சொற்களைச் சிவப்பு மையிலும் அன்னை மரியாவின் சொற்களை நீல மையிலும் அழகுற எழுதிவந்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பின்சுவையை அறிவதற்கு ஓர் இடைவெளி தேவை. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்காத அந்தச் சிறு வெளியில்தான், இது என்னை வறளச் செய்ததா அன்றி வளரச் செய்ததா என்று உள்ளம் சொல்லமுடியும். 47 நொடிக்கொரு முறை தாவுபவருக்கு அச்சொல் கேட்பதில்லை. இஞ்ஞாசியார் புதுமை படைப்பதற்காக ஓய்வெடுத்தவரல்லர். பழைய ஆசைக்குத் திரும்பவே அவர் குணமடையக் காத்திருந்தார். வந்ததோ அவர் கேளாத ஒன்று.

அதே சபையில் சேர்ந்த ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்சின் வாழ்வு இதனை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகின்றது. 1868-இல் துறவற வாழ்வை ஏற்கும் முன் அவர் தம் கவிதைகளை எரித்தார். மேலோர் விரும்பினாலன்றி எழுதுவதில்லை என முடிவு செய்தார். ஏழாண்டுகள் ஏறத்தாழ மௌனம். 1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' என்னும் கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்திற்கு அப்பாலுள்ள மணல்திட்டில் மோதி உடைந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியின் சட்டங்களால் நாடிழந்து வந்த பிரான்சிஸ்கன் அருள்சகோதரியர் ஐவர் அதில் மாண்டனர். வேல்ஸ் நாட்டில் இறையியல் பயின்றுகொண்டிருந்த ஹாப்கின்ஸ் அச்செய்தியை நாளேட்டில் படித்து நெஞ்சுருகினார். இதைப் பற்றி எவரேனும் ஒரு கவிதை எழுதினால் நன்று என்று அதிபர் தந்தை கூறிய ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாயிற்று. நெடுநாளாய்ச் செவியில் ஒலித்துக்கொண்டிருந்த புதிய சந்தத்தில் 35 செய்யுள்கள் பிறந்தன.

நாளேட்டில் படித்தார் என்பதை நாம் தாண்டிச் செல்லலாகாது. அவரை எழுப்பியதும் ஓர் ஊடகமே. ஆனால் ஒரே ஒரு செய்தி, ஏழாண்டு மௌனத்தின் மேல் விழுந்தது. ஆழ்கிணற்றில் விழுந்த கல் போல அது அடிவரை சென்றது. நமக்கோ காலையில் கண்விழிக்குமுன் பத்துக் கப்பல்கள் உடைகின்றன. ஒன்றுக்கேனும் நாம் அழுது முடிப்பதில்லை. (அக்கவிதையை இயேசு சபையாரின் மாத இதழே வெளியிட மறுத்துவிட்டது. கவிஞர் மறைந்து 29 ஆண்டுகளுக்குப் பின், 1918-இல்தான் அது அச்சேறியது. கத்தோலிக்க மாத இதழ்களின் ஆசிரியர்கள் நம்மை மன்னிப்பார்களாக.)

முதல் வினாவுக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போரில் இடிந்து கிடந்த ஜெர்மனியில், வீடுகளைக் கட்டுவதே முதற்கடமை என்றிருந்த காலத்தில், யோசேப் பீப்பர் என்னும் கத்தோலிக்க மெய்யியலார் 1948-இல் ஓய்வைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். வேலைக்காக மட்டும் எடுக்கும் ஓய்வு, வேலையின் ஒரு பகுதியே. உண்மையான ஓய்வு வழிபாட்டைப் போல, தனக்கு அப்பால் ஒரு பயனைத் தேடாதது என்பது அவர் வாதம். நாம் அவர் பக்கமே நிற்கின்றோம். ஏழாம் நாளில் இறைவன் ஓய்ந்திருந்தது எட்டாம் நாளில் இன்னும் நன்றாகப் படைப்பதற்காக அன்று. ஆகவே வேடனின் வில் ஒரு பாதி உண்மையே. கௌதாரியை வருடிய திருத்தூதர் அதன் பின் எதை எய்தார் என்று கதை கூறவில்லை.

ஓய்வுநாள் கட்டளையில் இன்னொன்றும் உள்ளது. இணைச்சட்ட நூல் அதனைச் சொல்லுமிடத்தில் பணியாளரும் அந்நியரும் மாடும் கழுதையும் கூட இளைப்பாற வேண்டும் என்கின்றது. நாம் திரையை அணைத்து அமைதியைச் சுவைக்கும் மாலையில், உணவுப் பொட்டலத்தோடு இருசக்கர வண்டியில் அலையும் இளைஞர் தம் கைப்பேசியை அணைக்கமுடியாது. அணைத்தால் அன்றைய கூலி இல்லை. வளைகுடா நாட்டிலுள்ள மகனின் முகத்தை இரவு ஒன்பது மணிக்குக் காணக் காத்திருக்கும் தாய்க்குத் திரை பொழுதுபோக்கன்று. அவரிடம் போய்த் திரை நோன்பைப் போதிப்பது அறியாமை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020-ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனன்று, தொலைக்காட்சியை அணைத்து விவிலியத்தைத் திறக்கும் காலம் தவக்காலம் என்றார். தவக்காலம் வரை காத்திருக்கவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை புலால் தவிர்க்கும் வீடுகளில் அன்று மாலை மட்டும் திரையையும் தவிர்த்துப் பார்க்கலாம். முதல் சில வாரங்கள் கசக்கும். பிள்ளைகள் முணுமுணுப்பர். பெரியவர்களின் கை தானாகவே சட்டைப்பைக்குப் போகும். அந்த வெற்றிடத்தை உடனே வேறொரு பயனுள்ள வேலையால் நிரப்பிவிடாமல் விட்டுவைப்பதே கடினம்.

கடற்கரையோரப் பங்கு ஒன்றில் ஓர் இல்லத்தார் இவ்வாறு செய்துவருவதை நாம் அறிவோம். ஐந்தாறு வாரங்களுக்குப் பின் ஒரு மாலையில், சுவரோரம் அமர்ந்திருந்த எண்பது வயது மூதாட்டி தாமாகவே பாடத் தொடங்கினாராம். அவர் சிறுமியாயிருந்தபோது ஊர்த்திருவிழாவில் விடிய விடிய நடந்த ஞானசௌந்தரி நாடகத்தின் பாட்டு. வெட்டுண்ட கைகளை மாதா மீட்டுத் தரும் இடம். அவருக்கு அது தெரியும் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. பள்ளியில் படிக்கும் பேத்தி ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றாள். நடுவில் ஒரு செய்யுள் ஆச்சிக்கு நினைவுக்கு வரவில்லை. சேர்ந்து பாடிய தோழியர் இன்று இல்லை. அவ்விடத்தில் அரைப்பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்த சிறுமி, இப்போது தானே சில அடிகளை எழுதிப்பார்க்கின்றாள். சந்தம் இடிக்கின்றது என்று ஆச்சி இருமுறை திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.