வானில் நிற்கும் கடன்

ஒரு காரியத்தைத் தொடங்குகின்றவன் அதன் முடிவையும் அப்பொழுதே நிர்ணயித்துக்கொள்ளக் கடமைப்பட்டவனா என்னும் வினா எனக்கு நெடுநாளாக உண்டு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் என்விசாட் என்ற செயற்கைக்கோளின் சரித்திரத்தை அறிந்தபின் அது என்னை விடாமல் பற்றிக்கொண்டது.

2002 மார்ச் மாதத்தில் ஏவப்பெற்று, கடலின் வெப்பத்தையும் துருவப் பனியின் பரப்பையும் ஓசோன் படலத்தின் நிலையையும் அயராது அளந்து, ஐந்தாண்டே உழைக்கும் என எதிர்பார்த்தோருக்குப் பத்தாண்டு உழைத்துக் காட்டிய அந்த எட்டு டன் யந்திரம், 2012 ஏப்ரலில் திடீரென்று மௌனமாயிற்று. மௌனமாயிற்றேயன்றி மறையவில்லை. ஏறத்தாழ 770 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், எவருடைய ஆணைக்கும் அடங்காமல் இன்றும் சுற்றுகிறது. தாழ்ந்த பாதைகளில் எஞ்சியுள்ள மெல்லிய காற்று, செயலற்ற கோள்களைச் சில ஆண்டுகளில் கீழிழுத்து எரித்துவிடும்; அவ்வுயரத்திலோ அப்பணி முடிய நூறாண்டுக்கு மேலாகும்.

அதுவரை நேரக்கூடிய மோதல் வெறும் கற்பனையன்று. 2009 பிப்ரவரி 10 அன்று, உயிரற்றுத் திரிந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251, பணியிலிருந்த இரிடியம் 33 என்னும் கோளின்மீது சைபீரியாவுக்கு மேலே மோதியதில், கண்காணிக்கத்தக்க துண்டுகள் மட்டுமே இரண்டாயிரத்துக்கு மேல் சிதறின. துண்டுகள் மோதலை விளைக்க, மோதல் மேலும் துண்டுகளை விளைக்கும் என்று விண்வெளி விஞ்ஞானி டொனால்ட் கெஸ்லர் 1978-லேயே எச்சரித்திருந்தார்.

என்விசாட்டை அனுப்பியவர்கள் தீயவர் அல்லர். பூமியை அறிந்து காக்கவேண்டும் என்ற உத்தம நோக்கமே அவர்களுடையது. என்னை வருத்துவதும் அதுவே. 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின்படி, ஏவிய பொருள்மீதுள்ள உரிமை அது விண்ணில் இருப்பதால் மாறிவிடாது. ஆகவே உடையவரின் இசைவின்றிப் பிறர் அதனைத் தொடலாகாது, உடையவருக்கோ அதனிடம் பேசும் வழியும் அற்றுப்போயிற்று.

2022-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், பணி முடிந்த கோள்களை அகற்ற முன்பு வழங்கிய இருபத்தைந்தாண்டு அவகாசத்தை ஐந்தாகக் குறைத்தது. ஸ்டார்லிங்க் போன்ற ஆயிரக்கணக்கான கோள்கள் தாழ்வாகவே பறப்பதும் ஆறுதல்தான். எனினும், உயரே ஒரு கோளை அனுப்ப அனுமதி கேட்போர், அது வாய்மூடிவிட்டால் மீட்டுவருவதற்கான செலவையும் முன்னதாகவே ஒரு பொது நிதியில் கட்டவேண்டும் என்று நான் விரும்புகிறேன். செலவு மிகும், ஏவுதல்கள் குறையும் என்பார்கள். குறைந்தாலும் குற்றமில்லை என்றே கருதுகிறேன்.