மெலிந்த உடலுக்கு வந்த சர்க்கரை நோய்

சர்க்கரை நோய் பருத்த உடலைத் தேடி வரும் நோய் என்ற எண்ணம் மருத்துவ அறிவுரையிலும் மக்கள் பேச்சிலும் ஊறிப்போயிருப்பதால், ஏற்கெனவே மெலிந்திருக்கும் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பதாகத் தெரியவரும்போது அவருக்குச் சொல்லப்படும் உணவு முறை பெரும்பாலும் வேறொருவருடைய உடலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதாகவே இருக்கிறது. சோற்றைக் குறைக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும், தேங்காயும் கடலையும் கூடாது, இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நீளும் அந்தப் பட்டியல் 80 கிலோ எடையுள்ளவருக்கு நன்மை செய்யலாம். 45 கிலோ எடையுள்ளவர் அதை அப்படியே பின்பற்றினால் பரிசோதனைச் சீட்டில் எண் இறங்கும், கூடவே உடம்பில் இருந்த கொஞ்சத் தசையும் கரையும். நன்றாகச் சாப்பிடுவது என்பது குறைவாகச் சாப்பிடுவதா, நிறைவாகச் சாப்பிடுவதா என்ற கேள்வி இவர்களிடத்தில்தான் மிகக் கூர்மையாக எழுகிறது.

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த காரிமங்கலம் போன்ற வட்டாரத்தில் இது ஏட்டுக் கேள்வி அன்று. மழையை நம்பிய மேட்டு நிலமும், அதில் விளையும் கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, துவரை, நிலக்கடலை ஆகியவையும், வேலை தேடிப் பெங்களூருக்குப் போய்க் கட்டடப் பணியில் தேநீரும் பன்னுமாகக் காலை வேளையைக் கழிக்கும் ஆண்களும், எல்லோரும் உண்டு முடித்தபின் பாத்திரத்தில் மிஞ்சியதை உண்டு பழகிய பெண்களும் சேர்ந்ததுதான் இப்பகுதியின் உணவு வரலாறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாகவும் கூறுகிறது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் பருத்தவர்கள் மட்டுமே இருக்க வழியில்லை. தலைமுறைகளாகக் குறைவாக உண்டவர்களும் அதில் இருக்கிறார்கள். மேலும் குறைத்து உண்ணுமாறு அவர்களிடமும் சொல்லப்படுகிறது.

மெலிவு என்பதற்கு மருத்துவத்தில் ஓர் அளவு உண்டு. கிலோவில் உள்ள உடல் எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண், அது 18.5க்குக் கீழே இருந்தால் எடை குறைவு எனப்படும். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 45 கிலோ இருந்தால் அவருடைய குறியீட்டெண் ஏறத்தாழ 17.6, இயல்பான எடையின் கீழ் எல்லையைத் தொடவே அவருக்கு இன்னும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ வேண்டும்.

உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன், மெலிவு முதலில் வந்ததா, சர்க்கரை முதலில் வந்ததா என்று கேட்டாக வேண்டும். இன்சுலின் என்பது வயிற்றின் பின்புறம் உள்ள கணையம் சுரக்கும் இயக்குநீர். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள் சேர்ப்பது அதன் பணி. அது போதாமல் போகும்போது சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி, டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியதும் சிறுநீரில் வெளியேறத் தொடங்குகிறது. ஒரு நாளில் 100 கிராம் சர்க்கரை அவ்வாறு வெளியேறினால், 400 கலோரி, அதாவது ஒரு வேளை உணவின் ஆற்றல், உடலில் ஒட்டாமலேயே போய்விடுகிறது. வயிறு நிறைய உண்டும் ஆறு மாதத்தில் உடம்பு உருகிப்போனவர்களின் நிலை இதுதான். இவர்களுக்கு முதல் ஊட்டம் மருந்தே; சர்க்கரை கட்டுக்குள் வந்தால் உண்ட சோறே உடம்பில் சேரத் தொடங்கும்.

நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மெலிந்திருப்பவர்களின் கதை வேறு. அக்கதையின் முக்கியமான பகுதி தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்திருக்கிறது. ஊட்டக்குறைவோடு வளர்ந்த மெலிந்த மனிதர்களிடம் காணப்படும் ஒருவகை நீரிழிவை 1955இல் ஜமைக்காவில் ஹியூ ஜோன்ஸ் என்ற மருத்துவர் விவரித்தார். உலக சுகாதார நிறுவனம் 1985இல் அதைத் தனி வகையாக ஏற்று, சான்று போதாது என்று 1999இல் பட்டியலிலிருந்து நீக்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸ் குழுவினரும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மெலிந்த நோயாளிகளின் சிக்கல் இன்சுலினுக்கு உடல் பணியாமை அன்று, இன்சுலின் சுரப்பே குன்றியிருப்பதுதான் என்பது தெளிவாயிற்று. 2025 ஜனவரியில் வேலூரில் கூடிய பன்னாட்டு அறிஞர்கள் இதற்குத் தனி இடம் வேண்டும் என்று முடிவெடுக்க, அதே ஆண்டு ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என ஏற்றது. உலகம் முழுவதும் இரண்டு முதல் இரண்டரைக் கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. இவ்வகைப்பாட்டில் உடன்படாத அறிஞர்களும் உண்டு. ஆயினும் கருப்பையிலும் குழந்தைப் பருவத்திலும் பட்ட பசி கணையத்தில் தடம் விட்டுச் செல்லக்கூடும் என்ற, இவ்வகையை ஏற்றவர்களின் கருத்து, இரண்டாம் வகை என்று சீட்டில் எழுதப்பட்ட மெலிந்தவர் ஒவ்வொருவரும் தம் நோயின் வகையை மறுமுறை கேட்டுத் தெளிவதற்குப் போதுமான காரணம் ஆகும்.

கேட்டுத் தெளிய வேண்டியவை இன்னும் சில உள. அடிக்கடி வயிற்று வலியும் எண்ணெய் மிதக்கும் மலமும் இருந்தால், கணையத்தில் கல் படிவதால் வரும் நீரிழிவா என்று பார்க்க வேண்டும். அங்கே உணவைச் செரிக்கும் நொதிகளே குறைந்திருப்பதால், நொதி மருந்து இல்லாமல் எவ்வளவு உண்டாலும் உடல் தேறாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலும் மாலைக் காய்ச்சலும் காசநோயின் அறிகுறிகள். காசநோயும் நீரிழிவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் உடல் இளைக்கும்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஆலன் நீரிழிவு நோயாளிகளைப் பட்டினிக்கு அருகில் வைத்தே உயிரோடு காத்தார். அதைவிட நல்ல வழி அன்று எவருக்கும் தெரியவில்லை. 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் அப்போது 30 கிலோவுக்கும் குறைவாகவே இருந்தான். அந்த நாளோடு பட்டினி மருத்துவம் முடிவுக்கு வரத் தொடங்கியது. நூறு ஆண்டுகள் கடந்தபின்னும், எடை குறைந்த ஒருவர் ஊசிக்கு அஞ்சி, சர்க்கரை எண்ணைக் குறைக்க இரவு உணவையே விட்டுவிடுகிறார் என்றால், கைவிடப்பட்ட அந்தப் பழைய மருத்துவத்தைத் தம் வீட்டில் தாமே நடத்திக்கொள்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

இனி இவ்வட்டாரத்தின் கேழ்வரகுக் களிக்கு வருவோம். அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கு மாறினால் போதும் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் தீர்வு. தமிழ்நாடு அரசு 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. விளைந்த மண்ணிலேயே அத்தானியம் மதிப்புப் பெறுவது வரவேற்கத்தக்கது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிடப் பன்மடங்கு நார்ச்சத்தும் உள்ளன. ஆனால் அதே 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் சுமார் 7 கிராம்தான், அதாவது அரிசியைவிடக் கூடுதல் இல்லை. நைசாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அது விரைவாகச் செரித்துச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஆகவே வெறும் கேழ்வரகுக் கூழைப் பச்சை மிளகாயோடு குடித்துவிட்டுச் சர்க்கரைக்கு நல்லதைச் செய்துவிட்டதாக நம்புகிறவர், மெலிந்த உடலுக்குத் தேவையான புரதத்தையும் பெறவில்லை, சர்க்கரையையும் கட்டுப்படுத்தவில்லை.

இவ்வட்டாரத்தின் பழைய சமையலில் களி தனியாக வந்ததில்லை என்பதை மறந்ததே இதற்குக் காரணம். கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, மொச்சை, கீரை, வாய்த்த நாளில் நாட்டுக்கோழி, வறுத்த நிலக்கடலை என்று களியோடு சேர்ந்தவைதான் உடம்பைத் தாங்கின. வறுமை முதலில் பறித்தது இந்தத் துணை உணவுகளையே. மலிவான அரிசி வந்தபோது தட்டு நிரம்பியது, பருப்பும் கறியும் திரும்பவில்லை. மெலிந்த நீரிழிவாளர் தட்டைச் சுருக்க வேண்டியதில்லை. தட்டில் மாவுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள விகிதத்தை மாற்றினால் போதும்.

அதைக் கணக்காகவும் காட்டலாம். சிறுநீரகக் கோளாறு இல்லாத, எடை கூட்ட வேண்டிய ஒருவருக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 45 கிலோ உடலுக்கு அது 54 முதல் 67 கிராம். இரண்டு முட்டையில் 13 கிராம், 50 கிராம் நிலக்கடலையில் 12 கிராமுக்குச் சற்று மேல், 50 கிராம் கொள்ளில் 11 கிராம், பாலும் தயிருமாக 400 மில்லியில் 13 கிராம், நாள் முழுவதுக்குமான 250 கிராம் தானியத்தில் 18 கிராம் அளவில் கிடைத்துவிடும். எண்ணெயும் காய்கறியும் சேர்ந்தால் மொத்த ஆற்றல் 2000 கலோரியை ஒட்டி வரும். அதில் பாதியளவே மாவுச்சத்திலிருந்து வரும். இவற்றில் எதுவும் காரிமங்கலம் வாரச்சந்தையிலும் தெருக்கோடி மளிகைக் கடையிலும் கிடைக்காத பொருள் அன்று. கொழுப்புக்கு அஞ்சி ஒதுக்கப்படும் நிலக்கடலை 100 கிராமுக்கு 560 கலோரிக்கு மேல் தருவது. சர்க்கரையை அதிகம் ஏற்றாமல் எடையைக் கூட்ட உதவும் மலிவான உணவு இது. மாம்பழப் பருவத்தில், வயிறார உண்டபின் கூடுதலாக அன்றி, தானியத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு சில துண்டுகள் உண்பதையும் விலக்க வேண்டியதில்லை. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, களியையோ சோற்றையோ பின்னர் உண்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று வேளை உணவை ஐந்தாகப் பகிர்வது, ஒரே நேரத்தில் அதிகம் உண்ண முடியாத மெலிந்தவர்களுக்குப் பொருந்தும்.

எடை கூடினால் போதும் என்று இனிப்பாலும் வறுவலாலும் கூட்டுவது வேறு கேடு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவர் உடலையே ஒப்பிட்டு வெளியிட்ட குறிப்பு புகழ்பெற்றது: இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் 22.3 என ஒன்றாகவே இருக்க, உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. கை கால் மெலிந்து வயிற்றில் கொழுப்புச் சேர்வது இந்தியர் பலரிடம் காணப்படுவது என்பதால், கூட வேண்டியது தசை. உண்ட உணவின் சர்க்கரையைப் பெருமளவு ஏற்றுக்கொள்வதும் தசையே. ஆகவே வெறும் வயிற்றில் வெகுதூரம் நடப்பதைவிட, உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது போன்ற, தசைக்கு வேலை தரும் பயிற்சி மெலிந்தவருக்கு உகந்தது.

மருந்தும் உணவோடு சேர்ந்தே எண்ணப்பட வேண்டியது. பசியையும் எடையையும் குறைக்கும் மாத்திரைகள் பருத்தவருக்கு வரம். மெலிந்தவர் அவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் வேளை தவறினால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரும். ஐந்தாம் வகையினருக்குச் சிறு அளவு இன்சுலினே போதுமானதாக இருக்கக்கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

இவை அனைத்தையும்விடக் கடினமானது வீட்டுக்குள் இருக்கிறது. தனக்கென்று ஒரு முட்டை வேகவைத்துக்கொள்வதைத் தன்னலமாக எண்ணும் தாய்க்கு எந்த உணவு அட்டவணையும் உதவாது. பிள்ளைகளுக்குப் போக மிஞ்சிய பாலில்தான் தன் பங்கு என்று அவர் வாழ்ந்துவிட்டார். நோய் வந்தபின்னும் கூழைக் குடித்துவிட்டுக் களை எடுக்கப் போகிறார். பார்க்க வருகிறவர்களோ, சர்க்கரை வந்தால் இளைக்கத்தான் செய்யும் என்று சொல்லி அந்த இளைப்பை இயல்பாக்கிவிடுகிறார்கள். அது இயல்பு அன்று. நோய் கட்டுக்குள் வரவில்லை என்பதன் அல்லது உணவு போதவில்லை என்பதன் அடையாளம். குடும்பத்தில் நோயுற்றவர் முதல் பந்தியில் உண்ண வேண்டும், அவருடைய முட்டையும் பருப்பும் வீட்டின் செலவுக் கணக்கில் மாத்திரைக்கு இணையாக எழுதப்பட வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை மட்டுமன்று, நீதியும் ஆகும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே, நீரிழிவு மாத்திரைகள் இன்று வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரையோடு மாதந்தோறும் எடையும் பார்க்கப்பட்டு, சர்க்கரை எண்ணுக்குப் பக்கத்திலேயே அதுவும் எழுதப்பட வேண்டும். சர்க்கரை குறைந்து எடையும் குறைந்திருந்தால் அதை முன்னேற்றம் என்று எழுதாமல், அந்த நோயாளியை அதே வாரத்தில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.