வெட்டினாலும் விடமாட்டான்



ஒரகடத்துல ஷிப்ட் முடிச்சு வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட வர்ற தம்பி, தங்கச்சிகளே!

கவனிக்காம விட்ட மாமரத்தை முதல்முதலா கவாத்து பண்றவங்க, ஒரே நாள்ல மொட்டையடிச்சிடுவாங்க. அது தப்பு. காய்ப்பு முடிஞ்சதும் முதல்ல பட்டுப்போன கிளை, அடுத்து நோய் கண்டது, அப்புறம் ஒன்னோடொன்னு உரசுறது. ஒரு வருஷத்துல கால் பங்குக்கு மேல வெட்ட வேண்டாம். உள்ளே வெயில் விழுந்தா போதும்.

சூரபத்மன் மாமரமா நின்னப்போ வேல் பிளந்தது. ஆனா முருகன் அவனை அழிக்கல. மயிலாவும் சேவலாவும் கூடவே வச்சுக்கிட்டான்.

'எல்லாத்தையும் இன்னைக்கே விட்டுடறேன்'னு சஷ்டிக்கு சஷ்டி சொல்லி, மூணாம் நாளே மனசு உடைஞ்சு போறோமே? இந்தச் சஷ்டிக்கு ஒரு கிளை போதும். குடியா, ரம்மியா? அதை மட்டும் வேல் முன்னாடி வைங்க. மிச்சத்துக்கு அடுத்த சஷ்டி இருக்கு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!